பணியாரக் கேஸு

இங்கிட்டு தள்ளி உக்காரு தாயி, அந்தப் பக்கம் வெயிலு அடிக்குது. பையக் காலுக்குக் கீழ வையி. ஆங். இப்பச் சொல்லு, எதுக்கு அழுற? முந்தானைய வச்சு மூடிக்கிட்டா எனக்குத் தெரியாதா? டோல்கேட்டு தாண்டுனதுலருந்து பாத்துக்கிட்டுத்தான் வாரேன்.

என்னது, தம்பியப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா? லாரி ஷெட்டுல டயரு காணாமப் போச்சுன்னு ஒன் தம்பி மேல எழுதிட்டாங்களா? சரி. அவன் எடுக்கலையா? எடுக்கலைன்னா எடுக்கலைதான், நான் நம்புறேன், எங்கிட்ட எதுக்குச் சத்தியம் பண்ற. இப்ப கோர்ட்டுக்குப் போற, ஆனா வக்கீலு வைக்க வழியில்ல. இம்புட்டுத்தானா? அட.

நான் சிரிக்கிறேன்னு தப்பா நெனைக்காத. போன வாரத்துலருந்து எனக்கு இப்படித்தான், சும்மா சும்மா சிரிப்பு வருது. பல்லு வெளக்கும்போது வருது. மாவாட்டும்போது வருது. ஒரு எழவு வீட்டுக்குப் போனேன், அங்கயும் வந்துருச்சு. துண்ட வாயில அமுக்கிக்கிட்டு ஒடம்பு குலுங்க வெளிய வந்தா, பாவம் வேலுத்தாயி தாங்க மாட்டேங்கிறான்னு ரெண்டு பேரு முதுகத் தடவி விடுறாங்க. கேஸு முடிஞ்சுருச்சுல்ல, அதான். எங்கேஸு. கிரிமினல் கேஸு. என்னையப் பாத்தா தெரியலைல்ல? நானும் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவதான்.

அட, எதுக்கு நகருற. நான் யாரையும் வெட்டிப் போடல. ஒரு ஆபீசரு மேல கொதிக்கிற எண்ணெய ஊத்துனேன்னு கேஸு. ஊத்தல. இன்னைக்கு நானும் அந்தக் கோர்ட்டுக்குத்தான் போறேன், எம் பணியாரச் சட்டிய வாங்கிட்டு வர. சாட்சிப் பொருளுன்னு எடுத்துக்கிட்டுப் போனவங்க, இன்னைக்குத்தான் வந்து வாங்கிக்கன்னு சொல்லியிருக்காங்க. அதனால கோர்ட்டு வர்ற வரைக்கும் எனக்கும் வேல இல்ல. சொல்றேன் கேளு. அழுகைய நிறுத்திட்டுக் கேளு.

பழைய பஸ்டாண்டு பக்கம் மூடிக் கெடக்குற தியேட்டரு இருக்குல்ல, அதுக்கு எதுத்தாப்புல எந் தள்ளுவண்டி. சாயங்காலமானா பணியாரம், இனிப்பு ஒரு சட்டி, காரம் ஒரு சட்டி. எங்க வீட்டுக்காரரு சங்கையா முந்தி லோடு ஏத்தப் போனவரு, இடுப்பு விட்டுப் போச்சு, இப்ப தேங்கா திருவித் தருவாரு, சட்னி அரைச்சுத் தருவாரு. வண்டி ஓடுனாத்தான் வீட்டுல அடுப்பு. நான் அதிகமாப் பேசுற ஆளு இல்ல தாயி. வியாபாரத்துல வாய மூடிக்கிட்டு நிக்க முடியுமா, அதுக்குப் பேசுவேன், அம்புட்டுத்தான். அந்த மனுசன்தான் நான் ஓயாமப் பேசுறேன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவாரு. அவரு வாயத் தெறக்க மாட்டாரு. அப்ப வீட்டுல யாரு பேசுறது?

நகராட்சியில தனுஷ்கோடின்னு ஒரு ஆபீசரு. ரோட்டுக் கடைய எல்லாம் எடுக்கணும்னு ஒரு நா லாரியோட வந்து எறங்குனாரு. முன்கூட்டி ஒரு வார்த்த கெடையாது. நல்ல வியாபார நேரம். சட்டியில எல்லாக் குழியிலயும் மாவு ஊத்தி, ஒரு பக்கம் வெந்து, கம்பியக் குத்திப் பெரட்டிக்கிட்டு இருக்கேன். "கெளம்பு, கெளம்பு"ங்கிறாரு. "சித்த நேரம் சார், இந்த ஈட எறக்கிட்டுப் போயிர்றேன்"ங்கிறேன். பாதி வெந்தத அப்படியே விட்டுட்டு எங்க போறது, நீயே சொல்லு. அந்தாளு வண்டிய எத்தி விட்டாரு தாயி. காலால. மாவுக் குண்டா கவுந்துருச்சு. வெடியக்காலையில எந்திரிச்சு ஆட்டுன மாவு. வெள்ளையா, பொங்கி, ரோட்டோரமா ஓடி, நான் பாக்கப் பாக்கச் சாக்கடையில எறங்குது. நான் மாவையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு கேட்டா, கம்பி எங் கையில இருந்துச்சு. கம்பி நுனியில ஒரு பணியாரம் இருந்துச்சு. அது பறந்துருச்சு.

பறந்து நேரா அவரு சட்டக் காலருக்குள்ள எறங்கிருச்சு.

எறிஞ்சேன்னும் சொல்லல, எறியலன்னும் சொல்லல. கையி ஒதறுச்சு, அது போச்சு. குறி பாத்து எறிஞ்சிருந்தாக்கூட அங்கன போயி விழுந்துருக்காது. அந்தாளு ஆடுன ஆட்டம் இருக்கே தாயி. சட்டைய இழுக்குறாரு, முதுக வளைக்கிறாரு, ஒத்தக் கால்ல சுத்துறாரு, பணியாரம் உள்ளுக்குள்ள எறங்கிக்கிட்டே போகுது. பஸ்சுல உக்காந்திருந்தவங்கெல்லாம் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புதான் எனக்கு வெனையாப் போச்சு. யாரும் சிரிக்காம இருந்திருந்தா, அவரு ஒரு களிம்பத் தடவிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு.

ஸ்டேசன்ல எழுதும்போது பணியாரம் எண்ணெயா மாறிப் போச்சு. அரசாங்க ஊழியரு மேல, அவரு வேலையச் செய்யும்போது, கொல்லணும்ங்கிற மாதிரி கொதிக்கிற எண்ணெயச் சட்டியோட தூக்கி ஊத்திட்டேனாம். நான் கத்துறேன், "ஏய்யா, பணியாரச் சட்டியில குழிக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவோம், அதத் தூக்கி ஊத்த முடியுமா"ங்கிறேன். எழுதுற ஏட்டையா தலையவே நிமுத்தல.

மறுநாக் காலையில நீதிபதிம்மா முன்னாடி கொண்டு போயி நிறுத்துனாங்க. கண்ணாடி போட்ட அம்மா, நல்ல அமைதியான மொகம். "உங்களுக்கு வக்கீல் இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. "எனக்கு எதுக்கும்மா வக்கீலு, எனக்கே வாய் இருக்கு"ன்னேன். "வசதி இல்லாதவங்களுக்கு அரசாங்கமே வக்கீல் வச்சுத் தரும். அது உங்க உரிமை, கேட்டு வாங்கிக்கலாம்"னாங்க. எனக்கு ரோசம் வந்துருச்சு. நான் யாருகிட்டயும் ஓசியில ஒரு டீ குடிச்சதில்ல. ஓசி வக்கீலா? வேணாம்னுட்டேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டு என்னைய ஒரு பார்வ பாத்தாங்க. "யோசிங்க"ன்னாங்க. ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க.

ஜெயிலப் பத்தி ரொம்பச் சொல்ல மாட்டேன், ஒன் தம்பி உள்ள இருக்கான், நீ பயந்துக்குவ. எனக்கு மொத நாளு அழுக வந்துச்சு. ரெண்டாவது நாளு பேச ஆளு கெடச்சுருச்சு. செல்லக்கனின்னு ஒருத்தி, எனக்குப் பக்கத்துல பாய் போட்டுப் படுப்பா. ரொம்ப நாளா உள்ள இருக்கா. நகைக் கடையில கூட்டுற வேல பாத்தவ, ஒரு தோடு காணோம்னு புடிச்சுக் குடுத்துட்டாங்க. "எத்தன வருசம் போட்டுருக்காங்க?"ன்னு கேட்டேன். "தெரியலக்கா, யாரும் சொல்லல"ங்கிறா. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு.

வாரத்துக்கு ஒரு தடவ அந்த எலவச வக்கீலுங்க ஜெயிலுக்கே வருவாங்க. ஒரு மேசையப் போட்டு உக்காந்து, ஒவ்வொருத்தரையா கூப்புட்டுக் கேப்பாங்க. அதுல ஒரு தம்பி, இன்னாசிமுத்துன்னு பேரு. ஒல்லி. கோட்டு தோள்ல நிக்காம வழியுது. பேசுனா பக்கத்துல இருக்குறவங்களுக்கே கேக்காது. இவரு கோர்ட்டுல பேசி யாரு காதுல விழப் போகுதுன்னு நெனச்சேன். நான் கிட்டவே போகல. செல்லக்கனிய மட்டும் தள்ளிவிட்டேன், "நீ போயி எத்தன வருசம்னாச்சும் கேட்டுட்டு வா"ன்னு.

அடுத்த வாரம் அந்தத் தம்பி வந்து அவளக் கூப்புட்டு உக்கார வச்சுச் சொல்றாரு, "உங்களுக்குத் தண்டனையே குடுக்கலம்மா. கேஸே இன்னும் நடக்கல. உங்களுக்காக யாரும் ஜாமீன் கேக்காததால உள்ள இருக்கீங்க." அவ்வளவு நாளும் அவ தண்டன அனுபவிக்கிறதா நெனச்சுக்கிட்டுக் கெடந்துருக்கா தாயி. ஒரு ஆளு கேட்டிருந்தா வெளிய போயிருப்பா. கேக்க ஆளு இல்ல. கொஞ்ச நாள்ல அவளுக்கு ஜாமீன் வாங்கிட்டாரு. போறப்ப எங் கையப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறா. வார்டருதான் விரலு விரலாப் பிரிச்சு விட்டாங்க.

இந்தா, தண்ணி குடி. குடிச்சிட்டு பாட்டிலக் குடு. அவ இப்ப நல்லா இருக்கா. நான்தான் சொன்னேன்ல, பயப்படாத.

அவ போன பெறகு நான் போயி அந்த மேசைக்கு முன்னாடி உக்காந்தேன். உக்காந்ததும் கேட்டேன், "ஏந்தம்பி, நீங்க எத்தன கேஸு ஜெயிச்சிருக்கீங்க?" அவரு கொஞ்சம் யோசிச்சாரு. "ஜெயிக்கிற மாதிரி நெறைய இருக்கும்மா"ன்னாரு. "ஓசியா வாதாடுறதுன்னா அரகொறையாத்தான் வாதாடுவீங்களோ?"ன்னேன். கோவப்படல. "எனக்குச் சம்பளம் வருதும்மா, நீங்க குடுக்கல, அவ்வளவுதான். கேஸ நீங்க சொமக்க வேணாம், நான் சொமக்குறேன். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க"ன்னாரு.

சொன்னேன். மொதல்ல மாவுக்கு அரிசி ஊறவச்சதுலருந்து சொன்னேன். அப்புறம் நான் பொறந்த கதை, சங்கையா என்னையப் பொண்ணு பாக்க வந்தது, வண்டி வாங்குனது, எல்லாம். அவரு ஒரு எடத்துலயும் மறிக்கல. மணிய ஒரு தடவகூடப் பாக்கல. வார்டரு வந்து நேரமாச்சுன்னு சொன்னதுக்கு, "அவங்க இன்னும் முடிக்கலைங்க"ன்னாரு. எம் புருசன்கூட அப்படிக் கேட்டதில்ல தாயி. எல்லாத்தையும் கேட்டுட்டு மூச்ச விட்டுட்டுச் சொன்னாரு, "அம்மா, ஒரே ஒரு விசயம். கோர்ட்டுல நீங்க ஒரு வார்த்த பேசக் கூடாது."

எனக்குச் சுருக்குன்னுச்சு. இருந்தாலும் சரின்னுட்டேன்.

ஜாமீன்ல வெளிய வந்தேன். வீட்டுக்குப் போனா, சங்கையா நல்லாத் தேறியிருக்காரு. கன்னமெல்லாம் பூசுன மாதிரி. "என்னய்யா, நான் இல்லாம எளைச்சிருப்பன்னு பாத்தேன்"ங்கிறேன். "நல்லாத் தூங்குனேன்"ங்கிறாரு. பாவம், கவலையில அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கியிருக்காரு.

அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. ஒரு வருசத்துக்கு மேல இழுத்துச்சு. வண்டிய நகராட்சிக்காரங்க ஏத்திக்கிட்டுப் போயிட்டதால, வீட்டு வாசல்ல அடுப்ப வச்சு வித்தேன், ஓடல. கேஸு மட்டும் தோத்துச்சுன்னா மறுபடியும் உள்ள. சாமி கும்புடும்போது வேற ஒண்ணும் கேக்கல. மறுபடியும் அந்தக் கதவு சாத்துற சத்தத்த நான் கேக்கக் கூடாதுன்னு மட்டும் கேட்டேன்.

வெசாரண வந்துச்சு. மேசையில எஞ்சட்டி இருக்கு தாயி. ஒரு சீட்டக் கட்டித் தொங்க விட்டு, அதுல நம்பரு போட்டு வச்சிருக்காங்க. துரு ஏறி, செவப்பாக் கெடக்குது. எனக்குப் பொறுக்கல. "யாருய்யா இதக் கழுவி ஈரத்தோட வச்சது, எண்ணெயத் தடவி வைக்கக் கூடாதா"ன்னுட்டேன். நீதிபதிம்மா நிமுந்து பாக்குறாங்க. இன்னாசிமுத்துத் தம்பி திரும்பி என்னையப் பாத்தாரு. நான் வாயப் பொத்திக்கிட்டேன்.

தனுஷ்கோடி கூண்டுல ஏறுனாரு. என்னா தோரண. வெள்ளச் சட்ட, இஸ்திரி மொறமொறன்னு. "சார், இந்தம்மா கொதிக்கிற எண்ணெயச் சட்டியோட தூக்கி என் கழுத்துல ஊத்துச்சு. ஒடம்பெல்லாம் வழிஞ்சுச்சு. உயிர் பொழைச்சது பெரிய பாடு"ங்கிறாரு. அரசாங்க வக்கீலு தலைய ஆட்டுறாரு. அடுத்து நம்ம தம்பி எந்திரிச்சாரு. இப்பக் கிழிக்கப் போறாருன்னு நான் முன்னாடி நகந்து உக்காந்தேன்.

"சார், வணக்கம். இப்ப காயம் ஆறிருச்சா?"ன்னாரு.

"ஆறிருச்சு."

"சந்தோசம். அன்னைக்கு நீங்க யூனிபார்ம்ல இருந்தீங்களா, சாதா சட்டையா?"

"சாதா சட்டதான்."

"எந்தச் சட்டன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"இருக்காம என்ன. இதே சட்டதான். எம் பொண்டாட்டி கல்யாண நாளுக்கு எடுத்துக் குடுத்தது. முக்கியமான எடத்துக்குன்னா இதத்தான் போடுவேன்."

"நல்லா இருக்கு சார். வேற கேள்வி இல்லைங்கம்மா"ன்னுட்டு உக்காந்துட்டாரு.

உக்காந்துட்டாரு தாயி. எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. ஜெயிலுக்குப் போகப் போறவ நான், இவரு சட்ட எங்க எடுத்ததுன்னு வெசாரிச்சுக்கிட்டு இருக்காரு. ஓசின்னா இப்படித்தான் இருக்கும்னு மனசுக்குள்ள திட்டுறேன். அதுக்குள்ள நீதிபதிம்மா, "சார், கொஞ்சம் கிட்ட வாங்க"ன்னாங்க. தனுஷ்கோடி போனாரு. "திரும்புங்க." திரும்புனாரு. "காலர மடிச்சுக் காட்டுங்க." காட்டுனாரு. பளபளன்னு இருக்கு. அந்தம்மா கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி நல்லாப் பாத்துட்டு, "உங்க வீட்டுல என்ன சோப்பு போடுறீங்க?"ன்னு கேட்டாங்க. பெஞ்சுல உக்காந்திருந்த வக்கீலுங்கெல்லாம் குலுங்கிச் சிரிக்கிறாங்க. டைப்பு அடிக்கிற பொண்ணு கைய நிறுத்திட்டு மேசைக்கு அடியில குனிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நல்ல சோப்புதான் போலன்னு நெனச்சேன். எம் பின்னாடி இருந்த ஒரு அம்மாதான் காதுல சொல்லுச்சு, "ஏத்தா, ஒடம்பெல்லாம் எண்ணெய் வழிஞ்சிருந்தா சட்டையில கறை இருக்கணும்ல." அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. நானும் சிரிச்சேன், கொஞ்சம் லேட்டாச் சிரிச்சதால நான் மட்டும் தனியாச் சிரிச்ச மாதிரி ஆயிருச்சு.

அடுத்து டாக்டரு. அவருகிட்டயும் நம்ம தம்பி ஒண்ணுதான் கேட்டாரு. "காயம் எந்த வடிவத்துல இருந்துச்சு டாக்டர்?" டாக்டரு பாத்துச் சொல்றாரு, "வட்டமா. சின்னதா. ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. ஒண்ணே ஒண்ணு." நம்ம தம்பி "நன்றி"ன்னுட்டு மேசையில இருக்குற எஞ்சட்டியப் பாத்தாரு. நீதிபதிம்மாவும் பாத்தாங்க. சட்டியில இருக்குற குழியப் பாத்தாங்க. பேனாவ எடுத்து ஏதோ எழுதிக்கிட்டாங்க.

இம்புட்டு நடந்துச்சுல்ல, இனிமேதான் கேளு, நான் கேஸ ஜெயிச்ச கதைய.

சாட்சி எல்லாம் முடிஞ்சதும் குத்தம் சாட்டப்பட்டவங்கள நிறுத்தி நீதிபதியே கேள்வி கேப்பாங்க. அதுக்கு நம்ம தம்பி என்னைய ஒரு வாரமாத் தயாரு பண்ணாரு. எது கேட்டாலும் "பொய்"ங்கணும். கடைசியா "வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா"ன்னு கேப்பாங்க, அதுக்கு "இல்ல"ங்கணும். ரெண்டே வார்த்த. சங்கையா வீட்டுல நீதிபதி மாதிரி நாற்காலியில உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அந்த மனுசன் அம்புட்டு நேரம் எங்கிட்டப் பேசுனது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான்.

"எண்ணெய ஊத்துனீங்கன்னு சாட்சி சொல்றாங்க, என்ன சொல்றீங்க?"

"பொய்ம்மா."

"வேலையச் செய்யவிடாம தடுத்தீங்கன்னு சொல்றாங்க."

"பொய்ம்மா."

நம்ம தம்பி மொகத்துல ஒரு வெளிச்சம். சங்கையா கதவுகிட்ட நின்னு தலைய ஆட்டுறாரு.

"வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

நீயே சொல்லு தாயி. ஒரு நீதிபதி, அம்மாம்பெரிய நாற்காலியில உக்காந்து, என்னையப் பாத்து, வேற ஏதாவது சொல்லணுமான்னு கேக்குறாங்க. எம் பொறப்புல யாரு என்னையப் பாத்து அப்படிக் கேட்டாங்க? அத இல்லன்னு சொல்றது மருவாதையா? வாயி தானாத் தெறந்துக்கிருச்சு.

"ஆமாம்மா, சொல்லணும். எண்ணெய் விக்கிற வெலையில நான் இந்தாளு மேல ஊத்துவேனா? நான் எறிஞ்சது பணியாரம்மா. ஒரே ஒரு பணியாரம். நல்லா வெந்தது. எம் மாவ எத்திவிட்டாரு, நான் எறிஞ்சேன். எண்ணெய் ஊத்துனேன்னு மட்டும் எழுதாதீங்க, எங் கடைப் பேரு கெட்டுப் போகும்."

டைப்பு அடிக்கிற பொண்ணு, அடிக்கவா வேணாமான்னு அந்தம்மாவப் பாக்குது. தனுஷ்கோடி எந்திரிச்சே நின்னுட்டாரு. நம்ம தம்பி ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டு மேசையில கவுந்துட்டாரு. சந்தோசம். அம்புட்டு நாளு ஒழைச்சிருக்காருல்ல. கதவுகிட்டப் பாத்தா சங்கையாவக் காணோம், வெளிய போயிட்டாரு, அவருக்கும் தாங்கல போல.

கொஞ்ச நேரம் கழிச்சு நம்ம தம்பி எந்திரிச்சாரு. மொகம் வெளுத்துப் போயிருக்கு. ஆனா பேசுனாரு பாரு. அதுவரைக்கும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத ஆளு, எங்கருந்துதான் வந்துச்சோ அந்தக் கொரலு, ஜன்னலு அதிருது. தெருவுல விக்கிறவங்கள எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி அறிவிப்புக் குடுக்கணும்னு சட்டம் இருக்காம்ல. குடுத்தாங்களான்னு கேட்டாரு. வண்டிய எத்தித் தள்ளுறது எந்த வேலையில சேத்தின்னு கேட்டாரு. அப்புறம் எம் மாவப் பத்திப் பேசுனாரு தாயி. "இந்தம்மா வெடியக்காலையில எந்திரிச்சு ஆட்டுன மாவு, ஒரு குடும்பத்தோட மறுநாள் சாப்பாடு, அவங்க கண்ணு முன்னாடி சாக்கடையில ஓடுச்சு. அத எந்தக் குற்றப்பத்திரிகையிலயும் யாரும் எழுதல"ன்னாரு. நான் ஜெயிலுல மாவப் பத்திச் சொன்னப்ப வெட்டிப் பேச்சுன்னு அவரு நெனச்சிருப்பாருன்னு நெனச்சேன். ஒண்ணையும் விடல. நான் பேசுன பேச்ச எல்லாம் வச்சிருந்திருக்காரு. அப்ப மட்டும் எனக்குச் சிரிப்பு வரல. கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னேன்.

அந்தம்மா ரொம்ப நேரம் எழுதுனாங்க. அப்புறம் வாசிச்சாங்க. எண்ணெய் ஊத்துனதுக்கு ஆதாரம் இல்ல, அதுலருந்து விடுதல. வேலையத் தடுத்தேங்கிறதுலயும் விடுதல. "ஆனா பணியாரம் எறிஞ்சத நீங்களே உங்க வாயால ஒத்துக்கிட்டீங்க. கோவம் வந்தாலும் சூடான பொருள எறியிறது தப்பு. இதுதான் மொதத் தடவைங்கிறதால, தண்டன குடுக்காம கண்டிச்சு அனுப்புறேன். இனிமே இப்படிச் செய்யாதீங்க"ன்னாங்க.

"சரிம்மா"ன்னேன். போகாம அங்கேயே நின்னேன்.

"இன்னும் என்ன?"

"கண்டிக்கிறேன்னீங்க. எப்பம்மா கண்டிப்பீங்க?"

"இப்பத்தாம்மா கண்டிச்சேன்"னாங்க. சொல்லிட்டுப் பேப்பர எடுத்து மொகத்துக்கு நேராப் புடிச்சுக்கிட்டாங்க. பேப்பரு ஆடுது.

வெளிய வந்தா எனக்குக் காலு தரையில பாவல. கோர்ட்டு வாசல்ல இருந்த டீக்கடைக்காரருகிட்ட சொன்னேன், செருப்புத் தைக்கிறவருகிட்ட சொன்னேன், யாரோ பைக்க எடுக்க வந்தவரு, அவரையும் புடிச்சுச் சொன்னேன். சங்கையா வேப்பமரத்தடியில உக்காந்திருக்காரு. "யோவ், ஜெயிச்சாச்சு"ங்கிறேன். அந்த மனுசன் அன்னைக்குத்தான் வாயத் தெறந்தாரு. "அந்தப் புள்ள ஒன்னைய முழுசா மீட்டு வச்சிருந்துச்சு. நீயாப் போயி ஒத்துக்கிட்ட. மறுபடியும் மொதல்லருந்து மீட்டுருக்கு"ங்கிறாரு. இவருக்குக் கோர்ட்டு நடப்பு என்ன தெரியும்? அவரு உள்ளயே இல்ல. நான் மட்டும் அந்த நேரத்துல உண்மையப் போட்டு ஒடைக்கலைன்னா, அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும் அது பணியாரம்னு? ஆனாலும் நான் வாதாடல. ஜெயிச்சவ எதுக்கு வாதாடணும்.

நம்ம தம்பி வந்தாரு. வேர்த்து ஊத்திருக்கு, கோட்டக் கழட்டிக் கையில போட்டுருக்காரு. நான் கையெடுத்துக் கும்புட்டேன். "தம்பி, நீங்க கேட்டதும், கடைசியில நான் பேசுனதும், ரெண்டும் சேந்து எப்படி அமைஞ்சுச்சு பாத்தீங்களா"ன்னேன். என்னையவே பாத்தாரு. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சாரு. செவுத்துல சாஞ்சுக்கிட்டு, வயித்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். சங்கையாகூடச் சிரிச்சாரு. அன்னைக்குப் புடிச்ச சிரிப்புதான், இன்னும் நிக்கல. "இனிமே கேஸு ஏதாச்சும் வந்தா ஒங்ககிட்டதான் வருவேன்"னேன். "வேணாம்மா, இன்னொன்னு வேணாம்"னாரு. அவருக்கு எம் மேல அம்புட்டு அக்கற.

பாரு, நீயும் சிரிக்கிற. சிரிச்சா ஒனக்கு நல்லாத்தான் இருக்கு.

நான் சொல்ல வந்தது என்னன்னா தாயி, ஓசின்னு நெனைக்காத. நான் நெனச்சு எத்தன நாள வீணாக்குனேன். கோர்ட்டு காம்பவுண்டுக்குள்ள நுழைஞ்சதும் கேன்டீன் பக்கத்துல ஒரு ரூமு இருக்கும், சட்ட உதவின்னு பெருசா எழுதியிருக்கும். கதவத் தெறந்தே வச்சிருப்பாங்க. யாரையும் வெரட்ட மாட்டாங்க. ஒன் தம்பி கேக்க முடியாம உள்ள இருக்கான், அவனுக்காக நீ போயி கேளு. அம்புட்டுத்தான். கேட்டுட்டா அவனுக்குன்னு ஒரு ஆளு வந்துருவாரு.

கண்டக்டரு, கோர்ட்டு ஸ்டாப்புல நிறுத்துங்க. ரெண்டு பேரு எறங்கணும்.

எந்திரி, பைய எடுத்துக்க. பாத்து எறங்கு. ரோட்டத் தாண்டும்போது எங் கையப் புடிச்சுக்க. அந்தா தெரியுது பாரு மஞ்சக் கட்டடம், அதுதான். எதுக்கு நடுங்குற? நான் இருக்கேன்ல. வா, சட்டி எங்கயும் போயிராது, மொதல்ல ஒன் வேல. இன்னாசிமுத்துத் தம்பி இந்நேரம் வந்துருப்பாரு. உள்ள போனதும் நீ ஒண்ணும் பேச வேணாம் தாயி.

நான் பேசிக்கிறேன்.